பஸ் நிலையத்திலிருந்து நூலகம் வரை அம்மாவை நடத்திக் கூட்டிப்போக என்ன வழி?

கரவெட்டிப் பிள்ளை:
அம்மாவுக்கு 72 வயது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வோக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். மாதம் ஒருமுறை நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் கூட்டி வருவேன். பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி கிட்டத்தான், மெல்ல மெல்லப் போய்விடுகிறோம்.

அம்மா பள்ளிக்கூட நாட்களில் பொது நூலகமே கதி என்று கிடந்தவர். 1981இல் அது எரிந்த கதையை யாராவது எடுத்தால் இன்றும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். 2003இல் திரும்பத் திறந்த பிறகு ஒரே ஒருமுறை போனார். இப்போது, "ஒருக்காப் போய் இருந்து பேப்பர் பாப்பம்" என்கிறார்.

போன மாதம் நடந்து பார்த்தோம். நல்ல கால் உள்ளவருக்குப் பத்து நிமிடம். நாங்கள் பாதி வழியில் திரும்பினோம். நடைபாதை ஒரு சாண் உயரம். வோக்கரைத் தூக்கி வைத்து ஏறினால், இருபது அடியில் மோட்டார் சைக்கிள் வரிசை. இறங்கினால் மினி பஸ் உரசிக்கொண்டு போகிறது. ஓரிடத்தில் வாய்க்கால் மூடி உடைந்து, வோக்கரின் முன்கால் ஓட்டைக்குள் இறங்கிவிட்டது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. இருக்க ஒரு வாங்கும் இல்லை. பூட்டியிருந்த கடைப்படியில் இருத்தினேன்.

ஓட்டோ பிடிக்கலாம், தெரியும். ஆனால் வைத்தியர் நடக்கச் சொல்கிறார், அம்மாவுக்கும் நடக்கத்தான் ஆசை. யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்டால் வேலை நடக்கும்?

பழைய ஓவசியர்:
பிள்ளை, முதலில் அந்தத் துண்டு யாருடைய பொறுப்பு என்று அறியுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள் வீதிகள் மாநகர சபைக்கு. நகரத்துக்குள் ஒரு சந்தி தாண்டினாலே பொறுப்பு மாறிவிடும். தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

'நடைபாதை சரியில்லை' என்று மட்டும் எழுதினால் கோப்புக்குள் போய்விடும். எந்தக் கடைக்கு எதிரே, எத்தனை மூடி, எவ்வளவு உயரம் என்று படத்தோடு எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் போய்வருவதற்கான 2006ஆம் ஆண்டு அணுகல் ஒழுங்குவிதிகள் பொது இடங்களுக்கும் பொருந்தும், அதையும் குறிப்பிடுங்கள். சாய்தளம் கேட்டால் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு. 15 சென்ரிமீற்றர் ஏற 180 சென்ரிமீற்றர் வேண்டும். மூலையில் ஒரு சட்டி சீமெந்தை அப்பிவிட்டுச் சாய்தளம் என்பார்கள். அதில் ஏறினால் சக்கர நாற்காலி பின்னால் கவிழும்.

கஸ்தூரியார் வீதிக் கடைக்காரன்:
அந்த மோட்டார் சைக்கிள்கள் எங்கள் வாடிக்கையாளருடையவை. விட இடமில்லாமல் விரட்டினால் அடுத்த ஒழுங்கையை அடைப்பார்கள், எங்கள் வியாபாரமும் போகும். அதனால் தரிப்பிடத்தையும் சேர்த்துக் கேளுங்கள், கடைக்காரர் நாங்களும் கையெழுத்து வைப்போம். நானும் வாசலில் வாளியும் தும்புத்தடியும் அடுக்குகிறவன்தான். உங்கள் பதிவைப் படித்த பிறகு இன்று காலை உள்ளே எடுத்துவிட்டேன். ஒரு வாங்கும் போடுகிறேன், அம்மா வந்து இருக்கட்டும்.

முற்றவெளியான்:
நான் சக்கர நாற்காலியில் திரிகிறவன். ஓவசியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நடைபாதையைத் திருத்திவிட்டு மஞ்சள் கடவையை மறந்துவிடுவார்கள். கடவை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் நடைபாதை தாழ வேண்டும். இல்லாவிட்டால் நடு வீதி வரை வந்து, ஏற வழியில்லாமல் வாகனங்களுக்கு முன்னால் நிற்போம். நான் நின்றிருக்கிறேன்.

இன்னொன்று, வெயில். மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம் பதினொரு மணிக்கு மேல் நிலம் கொதிக்கும். நிழல் மரமும் வாங்கும் சேர்த்துக் கேளுங்கள். அதுவரை சுப்பிரமணியம் பூங்காவில் மரநிழலில் ஆறிப் போகலாம். அளக்கப் போகும் நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். என் நாற்காலி 66 சென்ரிமீற்றர் அகலம். அது போகும் வழியில் அம்மாவின் வோக்கரும் போகும்.

கரவெட்டிப் பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. அளவு நாடா கொண்டு வருகிறேன், எட்டு மணிக்கு பஸ் நிலையத்தில் நிற்போம். அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "அந்தத் தம்பியிட்ட, பூங்காவில எந்த மரத்தடியில வாங்கு இருக்குதெண்டு கேள்" என்கிறார்.