சால்டரிங் டிப் ஒரு வாரம் கூட தாங்கல, நல்ல ஸ்டேஷன் சொல்லுங்க, அவசரம்

மின்மினி88:
வணக்கம். சால்டரிங் அயர்ன் முனைல மாட்டற டிப்புதான், இது மூணாவதுங்க, போட்டு ஆறு நாள்தான் ஆகுது அதுக்குள்ள கன்னங்கரேல்னு ஆயிடுச்சு, ஈயம் ஒட்டவே மாட்டேங்குது, உருண்டையா திரண்டு கீழ விழுந்துடுது. சூட்டக் கட்டுப்படுத்தற ஸ்டேஷன்தான் சரியில்லன்னு நினைக்கிறேன். எது வாங்கலாம்? நாளன்னைக்குள்ள ஒரு ஆம்ப்ளிஃபயர் போர்டு முடிச்சுக் குடுக்கணும்.

செப்புக்கம்பி:
இப்ப கையில இருக்கறது என்ன ஸ்டேஷன்? எத்தனை டிகிரில வைக்கிறீங்க? டிப் ஊசியா உளியா? ஈயம் 63/37ஆ (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) லெட் ஃப்ரீயா (காரீயம் இல்லாதது), ஃப்ளக்ஸ் (ஈயம் நல்லா ஒட்டறதுக்குத் தடவறது) தனியா போடுறீங்களா? இதெல்லாம் தெரியாம எப்டிங்க ஸ்டேஷன் சொல்றது.

ஓம்விதி:
ஸ்பாஞ்ச்தான் காரணம், நான் அடிச்சுச் சொல்லுவேன். தண்ணி சொட்டச் சொட்ட இருக்கற ஸ்பாஞ்ச்ல சூடான டிப்ப தேய்க்கும்போது ஒவ்வொரு தடவையும் சட்டுனு சூடு இறங்கி திரும்ப ஏறுது, உள்ள இருக்கற செம்பும் மேல இருக்கற இரும்பு முலாமும் ஒரே அளவுல சுருங்காது, போகப் போக முலாம்ல விரிசல் விழுந்துடும். பித்தளைச் சுருளுக்கு மாறுங்க, அதுல டிப் அவ்வளவா ஆறாது, கொஞ்சம் ஈயமும் மேல தங்கும்.

பழையகை:
இந்தக் கேள்விக்கு இங்க எத்தனையோ தடவை பதில் சொல்லியாச்சு, தேடிப் படிக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. தம்பி, ஸ்பாஞ்சுனால ஆறு நாள்ல டிப் போகாது. ஸ்பாஞ்ச புழிஞ்சு ஈரம் மட்டும் இருக்கற மாதிரி வச்சுக்கிட்டு நான் வருஷக்கணக்கா ஓட்டறேன். முதல்ல டிப்புன்னா என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. நடுவுல செம்பு, மேல இரும்பு முலாம், முனைய விட்டு மிச்ச இடத்துல ஈயம் ஏறாம இருக்க குரோமியம். அந்த இரும்பு மேல எப்பவும் ஈயம் மூடியிருக்கணும். வெறும் இரும்பு காத்துல சுட்டா ஆக்சைடு ஆகும், அதுதான் நீங்க பாக்கற கருப்பு. வேலை முடிஞ்சதும் டிப்ப தொடச்சு பளபளன்னு வச்சுட்டு ஸ்விட்ச ஆஃப் பண்றவங்கதான் முக்கால்வாசி பேர். அது தப்பு. தாராளமா ஈயம் பூசிட்டு அணைக்கணும்.

மின்மினி88:
குமிழ் திருகுற மாடல், 900எம் டிப் போடறது. 450ல வைக்கிறேன், கம்மி பண்ணா கிரவுண்ட் பேடுல (போர்டுல கிரவுண்ட் இணைப்புக்கான செப்பு இடம்) ஈயம் உருகவே மாட்டேங்குது. ஸ்டேஷனோட வந்த ஊசி டிப்தான். சாதா ஈயம். கருத்தா உப்புத்தாள் வச்சு தேச்சுடுவேன், தேச்ச உடனே செவப்பா பளபளன்னு வந்து நல்லா ஒட்டும், மறுநாளே பழையபடி ஆயிடுது.

பழையகை:
உப்புத்தாளா!! செவப்பா தெரியுதுன்னா அது செம்பு. இரும்பு முலாம மொத்தமா வழிச்சு எடுத்துட்டீங்க. உருகின ஈயத்துல செம்பு சர்க்கரை மாதிரி கரையும், முனைல குழி விழும். அந்த டிப்ப தூக்கிப் போடுங்க, அத இனிமே காப்பாத்த முடியாது. அடிப்படை தெரியாம புது ஸ்டேஷன் வாங்கினா அதையும் இதே மாதிரிதான் பண்ணுவீங்க.

செப்புக்கம்பி:
அவர் தெரிஞ்சுக்கத்தான கேக்கறாரு, பதமா சொல்லலாமே.

மின்மினி, உங்க பிரச்சனை 450லதான் ஆரம்பிக்குது. 63/37 ஈயம் 183 டிகிரிலயே உருகிடும். அப்பறம் ஏன் கிரவுண்ட் பேடு உருகலன்னா, அதுக்குப் பின்னாடி பெரிய செப்புப் பரப்பு இருக்கு, நீங்க குடுக்கற சூட்டையெல்லாம் அது இழுத்துக்குது, ஊசி முனை வழியா சூடு இறங்கறதுக்கு வழியே இல்ல. டிகிரிய ஏத்தினா டிப்தான் கருகும், பேடு ஆறியேதான் இருக்கும். 2.4 மில்லிமீட்டர் உளி டிப் போட்டு தட்டையான பக்கத்த பேடுல முழுசா படுக்க வைங்க, 340, 350லயே உருகிடும். எனக்கு ஊசி டிப் எதுக்குமே தேவைப்பட்டதில்ல, போர்டு மேலயே ஒட்டற சின்ன எஸ்எம்டி பாகத்துக்குக் கூட சின்ன உளிதான். ஃப்ளக்ஸ் கேட்டேனே, அதுக்கு பதில் வரல.

கைரேகை:
காரீயம் கலந்த சாதா ஈயத்த விடுங்க முதல்ல. அந்தப் புகைய தெனமும் இழுத்தா என்னாகும்? லெட் ஃப்ரீக்கு மாறிடுங்க.

ஓம்விதி:
அந்தப் புகை காரீயம் இல்லீங்க, ஃப்ளக்ஸ்ல இருக்கற ரோசின், அதாவது மரப் பிசின். காரீயம் கொதிக்கணும்னா 1749 டிகிரி வேணும். லெட் ஃப்ரீ கம்பிக்குள்ளயும் ஃப்ளக்ஸ் இருக்கு, அதுலயும் புகை வரும். இன்னொண்ணு, டிப்போட இரும்ப தின்னுறது வெள்ளீயம்தான். 63/37ல அது 63 சதவீதம், எஸ்ஏசி305ங்கற லெட் ஃப்ரீ ஈயத்துல 96.5 சதவீதம். உருகறதும் 217ல இருந்துதான், அதனால சூடும் ஏத்தி வைக்கணும். டிப்புக்கு ரெண்டு பக்கமும் அடி.

கைரேகை:
அப்ப டிப்புக்காக உடம்ப விட்டுடணுமா? நான் வேலை செய்ற மேசைலதான் எங்க வீட்டுப் பொண்ணு படம் வரையுது. ஐரோப்பால 2006லயே எலக்ட்ரானிக் சாமான்ல காரீயத்த தடை பண்ணாங்களே, சும்மாவா பண்ணாங்க?

பழையகை:
அந்தத் தடை குப்பைக்குப் போற சாமான்ல இருந்து காரீயம் மண்ணுக்கும் தண்ணிக்கும் போகக் கூடாதுன்னு வந்தது. விதி என்னன்னு படிச்சுட்டுப் பேசணும்.

கைரேகை:
படிச்சுட்டுதான் பேசறேன். காரீயம் கைல ஒட்டி வாய்க்குப் போகும், மேசைல துகளா கிடக்கும், குழந்தைகளுக்கு ரொம்பக் கொஞ்சம் போனாலே கெடுதல். என் மேசைல காரீயம் கிடையாது, டிப் சீக்கிரம் தேயுதுன்னா மாத்திட்டுப் போறேன்.

செப்புக்கம்பி:
கைரேகை சொல்றது நியாயம். ஈயம் வச்சு வேலை செஞ்சா கை கழுவாம எதையும் சாப்பிடக் கூடாது, புகைய ஃபேன் வச்சு வெளிய தள்ளணும். இது ரெண்டும் எல்லாருக்கும்தான்.

பழையரேடியோ:
ஸ்டேஷன் பத்தி கேட்டவருக்கு யாருமே பதில் சொல்லலயே. 900எம் வகைல ஹீட்டர் தனி, டிப் அது மேல தொப்பி மாதிரி மாட்டறது, நடுவுல இடைவெளி இருந்தா சூடு சரியா கடக்காது, நாப்ல 350னு வச்சா முனைல அவ்வளவு இருக்காது. டி12 வகைல ஹீட்டரும் சென்சாரும் டிப்புக்குள்ளயே இருக்கு, பெரிய பேடுல வச்சு சூடு இறங்கினா உடனே மீட்டுக்கும், அதனால 450 வைக்கற அவசியமே வராது. வாங்கறதுன்னா தாங்கில வச்சதும் தானா சூடு குறையற ஸ்லீப் இருக்கான்னு பாருங்க, டிப் ஆயுசுக்கு அத மாதிரி வேற எதுவும் கிடையாது. என்கிட்ட இன்னும் பழைய வெல்லர் மேக்னஸ்டாட் ஓடுது. நாபே கிடையாது. டிப்போட பின்னாடி ஒரு காந்த உலோகத் துண்டு இருக்கும், குறிப்பிட்ட சூடு வந்ததும் அது காந்தத்தன்மைய இழந்துடும், ஸ்விட்ச் விட்டுடும். 7னு குத்தியிருக்கற டிப்புன்னா 700 ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல 370. கை வச்சு ஏத்தவே முடியாதுங்கறதாலயே டிப் நல்லா உழைக்குது.

மின்மினி88:
ஃப்ளக்ஸ் கேட்டீங்கல்ல, இப்பதான் டப்பாவ திருப்பிப் பாத்தேன். ஜிங்க் குளோரைடுன்னு போட்டிருக்கு. குழாய் வேலைக்கு வாங்கினது மிச்சம் இருந்துச்சு, அதத்தான் தொட்டுக்கிட்டு இருந்தேன்.

செப்புக்கம்பி:
அத உடனே நிறுத்துங்க. அது டிப்ப அரிக்கறத விட போர்ட அரிக்கறதுதான் பெரிய விஷயம். மிச்சம் தங்கிடுச்சுன்னா காத்துல இருக்கற ஈரத்த இழுத்து செம்புத் தடத்த தின்னும், ஒரு மாசம் கழிச்சு ஆம்ப்ளிஃபயர் இரையும். ஜிங்க் குளோரைடு தண்ணில கரையும், அதனால வெதுவெதுப்பான தண்ணியும் பழைய பிரஷும் வச்சு நல்லா கழுவுங்க, ஸ்பீக்கர் ரிலே, வால்யூம் கண்ட்ரோல்ல தண்ணி இறங்காம பாத்துக்கோங்க. அப்பறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல ஒரு தடவை, முழுசா காஞ்ச பிறகுதான் பவர். இனிமே ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும் போடுங்க.

பழையகை:
குழாய் ஃப்ளக்ஸ்னு முதல் பதிவுலயே சொல்லியிருந்தா இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம். ஆனா திருப்பிப் பாத்து உள்ளத சொன்னது நல்லது. புது டிப் போட்டதும் முதல் தடவை சூடு ஏறும்போதே ஈயக் கம்பிய முனைல வச்சுக்கிட்டே இருங்க, உருகற நிமிஷமே பூசிடணும்.

மின்மினி88:
கழுவிட்டேன். 2.4 உளி போட்டு 350ல கிரவுண்ட் பேடு உடனே உருகிடுச்சு. நன்றி.

பழையரேடியோ:
சந்தோஷம். அப்ப ஸ்டேஷன் எது வாங்கறதா இருக்கீங்க?

பழையரேடியோ:
மின்மினி, இருக்கீங்களா? போர்டு குடுத்தாச்சா?