மறு: ஸ்கேட்டிங் கோரியோகிராபிக்கு ‘நடன அமைப்பு’ போதுமா? – ‘தடக்கோவை’ன்னு ஒரு பரிந்துரை

எல்லாருக்கும் வணக்கம்.

ஸ்கேட்டிங் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடற இந்த இழைல, கோரியோகிராபிக்கு ‘நடன அமைப்பு’ன்னே முடிவாயிடும் போல இருக்கு, அதுக்குள்ள என் பக்கத்து வாதத்தையும் வெச்சிடறேன். சினிமாவுக்கும் மேடைக்கும் நடன அமைப்பு நல்ல சொல், அதை மாத்தச் சொல்லல. ஆனா ஐஸ் ரிங்க்ல செய்யற கோரியோகிராபிக்கும் அதையே வெச்சா, புதுசா கத்துக்க வர்றவங்களை, முக்கியமா முப்பது நாப்பது வயசுக்கு மேல முதல்முறையா ஸ்கேட் மாட்டறவங்களை, அந்தச் சொல்லே தப்பான பக்கம் இழுத்துட்டுப் போயிடும். நான் இங்க கனடாவுல பெரியவங்களுக்கான வகுப்புல கத்துக்கிட்டு இருக்கேன், கூடப் படிக்கறவங்க எல்லாரும் ஒரே எடத்துலதான் திணறறாங்க, அதனாலதான் இந்த நீள மடல்.

> தரையில ஆடினா என்ன, ஐஸ்ல ஆடினா என்ன, நடனம் நடனம்தானே? தனிச்சொல் எதுக்கு?

ஐயா, தரையில கால் வெச்சா வெச்ச எடத்துல நிக்கும். ஒரு அடவு முடிச்சுட்டு அடுத்ததுக்கு எப்ப வேணா போலாம். ஐஸ்ல கால் வெச்சதுக்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பிக்குது, ஏன்னா அந்தக் கால் உங்களை எங்கயோ கூட்டிட்டுப் போகுது. ஸ்கேட் பிளேடு கத்தி மாதிரி ஒரே கூர் இல்ல, சுமார் 4 மில்லிமீட்டர் அகலம், அடியில நீளவாக்குல ஒரு பள்ளம் கடைஞ்சிருப்பாங்க, அந்தப் பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கூர் விளிம்பு. உடம்பு எந்தப் பக்கம் சாயுதோ அந்த விளிம்பு ஐஸ்ஸைப் பிடிக்கும், பிடிச்சா நேரா போகாது, வளைஞ்சு போகும். இடது கால்ல வெளிப்பக்கம் சாஞ்சு முன்னாடி போனா இடது பக்கம் வளையும், உள்பக்கம் சாஞ்சா வலது பக்கம். ரெண்டு கால், முன்னாடி பின்னாடி, உள்ள வெளிய, மொத்தம் எட்டு வகை. ஐஸ்ல செய்யற கோரியோகிராபி முழுக்க இந்த எட்டையும் மாத்தி மாத்திக் கோக்கறதுதான். கை, தலை, முகபாவம் எல்லாம் அதுக்கு மேல வர்றது.

இதை நடனம்னு நெனச்சுக்கிட்டு வர்ற பெரியவங்க என்ன பண்றாங்கன்னா, ஸ்டெப்பை எண்ணி மனப்பாடம் பண்றாங்க. ‘ஒண்ணு ரெண்டு தள்ளு, மூணுல திரும்பு, நாலுல கை தூக்கு.’ வீட்டு ஹால்ல சாக்ஸ் போட்டுக்கிட்டு நடந்து பாத்தா பாட்டுக்கு அம்சமா பொருந்தும். ரிங்க்குக்குப் போனா ரெண்டாவது வரியிலயே எல்லாம் கலைஞ்சிடும், ஞாபகம் இருந்தும் கலையும். தரையில நடந்து பாக்கும்போது வழுக்கற நேரம்னு ஒண்ணு கிடையாது, ஐஸ்ல ஒரே ஒரு கால்ல சாஞ்சு வளையறதுக்கே பாட்டுல முழு வரி போயிடும். அந்த வளைவு ஆழமா விழலைன்னா உடம்பு வேற திசையைப் பாத்துக்கிட்டு இருக்கும், அப்ப அடுத்த ஸ்டெப் மறந்துபோகல, அந்த எடத்துல இருந்து அதைச் செய்யவே முடியாது.

ஒரு சின்னத் துண்டை எடுத்துக்குவோம், எல்லா ஆரம்பநிலை கோரியோகிராபிலயும் வர்றது. இடது கால் முன் வெளி விளிம்புல வளைஞ்சு போகணும், அதே கால்லயே பின்னாடி திரும்பணும், திரும்பின உடனே அது பின் உள் விளிம்பா மாறிடும், அதுல கொஞ்ச நேரம் நின்னுட்டு வலது கால் பின் வெளி விளிம்புக்கு மாறி, இடது காலைப் பின்னாடி நீட்டி, கை ரெண்டையும் விரிச்சு நிக்கணும். மூணும் ஒரே வட்டத்தோட மூணு துண்டு, இடஞ்சுழியா வர்ற ஒரே கோடு. இதை மூணு ஸ்டெப்பா கத்துக்கிட்டவங்க திரும்பற எடத்துல தோளை வெடுக்குனு சுத்திடறாங்க, வட்டம் அங்கயே உடைஞ்சிடுது, மூணாவது துண்டுக்கு வரும்போது ரிங்க் ஓரத்துத் தடுப்பு முன்னாடி நிக்குது. ஒரே கோடா கத்துக்கிட்டவங்களுக்கு மட்டும் தோள் தானா வட்டத்துக்குள்ள இருக்கு, முட்டி மடங்குது, திரும்பறதுக்கு அவசரமே வர்றதில்ல. இத்தனைக்கும் ரெண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தது ஒரே கோச்சுதான்.

இதைச் சரிபாக்க ஒரு வழி இருக்கு, இந்த விவாதத்துக்கே அதுதான் ஆதாரம்னு நெனக்கறேன். ஜாம்போனி (ஐஸ்ஸை வழவழப்பாக்கற வண்டி) ஓடி முடிஞ்சு ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கும்போது முதல் ஆளா எறங்கி அந்தத் துண்டைச் செஞ்சுட்டு, திரும்பி வந்து குனிஞ்சு பாருங்க. விளிம்புல போயிருந்தா ஒத்தைக் கோடு, மெல்லிசா, வளைஞ்சு இருக்கும். சாயாம தட்டையா போயிருந்தா ரயில் பாதை மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெட்டைக் கோடு, ரெண்டு விளிம்பும் சேர்ந்து கீறினது. திரும்பின எடத்துல ஒரு கூர்முனை தெரியணும், அங்க வழிச்சு எடுத்த மாதிரி பனித்தூள் குவிஞ்சிருந்தா பிளேடு பக்கவாட்டுல சறுக்கியிருக்குன்னு அர்த்தம். நம்ம கோரியோகிராபி நல்லா வந்துதா இல்லையான்னு ஐஸ்லயே எழுதியிருக்கும். அந்தக் கோட்டுக்குத் தமிழ்ல ஏற்கனவே சொல் இருக்கு, தடம். அதனாலதான் ‘தடக்கோவை’ன்னு கேக்கறேன், தடங்களைக் கோத்தது.

> கோவைன்னா கோயம்புத்தூர்னு படிப்பாங்க. அதோட ‘தட’ன்னா பெரியன்னு பொருள், தடக்கை, தடந்தோள் மாதிரி.

ரெண்டும் நியாயமான கேள்வி. கோவை தனியா நின்னா ஊர்தான், ஆனா மும்மணிக்கோவை, சட்டக்கோவை எல்லாம் படிக்கும்போது யாருக்கும் ஊர் ஞாபகம் வர்றதில்ல, கூட்டுச்சொல்லுக்குள்ள போயிட்டா கோத்ததுங்கற பொருள்தான் நிக்குது. பெரிய என்கிற ‘தட’ இலக்கியத்துல இருக்கறது உண்மை, ஆனா விளையாட்டுப் பக்கத்துல தடகளம்னு ஒரு சொல் ரொம்ப நாளா புழங்குது, பத்திரிகைல தினமும் வருது, அதைப் ‘பெரிய களம்’னு யாரும் படிக்கறதில்ல. தடகளம் பழகின கண்ணுக்குத் தடக்கோவை அந்நியமா இருக்காது.

தடம்தான் மையம்னு சொல்றதுக்கு வரலாறும் துணை இருக்கு. ஃபிகர் ஸ்கேட்டிங்கோட பேர்லயே இருக்கற ஃபிகர் மனுஷ உருவம் இல்ல, ஐஸ்ல கீறற எட்டு மாதிரியான வடிவம். முதல் உலக சாம்பியன்ஷிப் 1896ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல நடந்தப்போ அந்த வடிவங்களைக் கீறறதும் போட்டியோட முக்கியப் பகுதி, அப்புறம் பல வருஷம் மொத்த மதிப்பெண்ல 60 சதவீதம் வரைக்கும் அதுக்கே போச்சு, நடுவர்கள் ஐஸ்ல குனிஞ்சு கோடு பாத்துதான் மார்க் போடுவாங்க. உலகப் போட்டில கடைசியா அது நடந்தது 1990ல, இங்க கனடாவுல ஹாலிஃபாக்ஸ்ல. அதனால ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு இந்த இழைல முன்னாடி வந்த ‘உருவச்சறுக்கு’, ‘எழில்சறுக்கு’ ரெண்டையும் விட ‘கோலச்சறுக்கு’ எனக்குச் சரியா படுது. வெறுமனே பனிச்சறுக்குன்னு எழுதினா மலையில இறங்கற ஸ்கீயிங்கும் இதும் ஒண்ணாயிடுது, செய்தில ரெண்டுக்கும் அதே சொல்லைப் போட்டுக் குழப்பறாங்க.

இன்னொண்ணு. 1984 சரயேவோ ஒலிம்பிக்ஸ்ல பிரிட்டனோட ஜேன் டார்வில், கிறிஸ்டஃபர் டீன் ஜோடி ரவேலோட ‘பொலேரோ’ங்கற இசைக்கு ஆடினது எல்லாருக்கும் தெரியும். அந்த இசையை எவ்வளவு வெட்டியும் 4 நிமிஷம் 28 நொடிக்குக் கீழ கொண்டு வர முடியல, விதிப்படி அனுமதி 4 நிமிஷம் 10 நொடி. பிளேடு ஐஸ்ல பட்டு ஓட ஆரம்பிக்கும்போதுதான் கடிகாரம் ஓடும்ங்கறது விதி, அதனால முதல் 18 நொடி ரெண்டு பேரும் முட்டி போட்டுக்கிட்டே உடம்பையும் கையையும் மட்டும் அசைச்சாங்க. பாக்கறவங்களுக்கு அதுவும் நடனம்தான், விதியோட கணக்குல ஸ்கேட்டிங் இன்னும் ஆரம்பிக்கல. தடம் விழுந்தாதான் ஆரம்பம்.

இப்ப ‘எட்ஜ்’ பத்தி. இந்த இழைல முன்னாடி ஒரு அக்கா அதுக்கு விளிம்புன்னு வெச்சது சரி, ஆனா அந்த ஒரே ஆங்கிலச் சொல் ரிங்க்ல ரெண்டு பொருள்ல ஓடுது. பிளேடோட கூர் பக்கமும் எட்ஜ்தான், அது மேல சாஞ்சு வளைஞ்சு போற ஓட்டமும் எட்ஜ்தான். கோச் ‘எட்ஜைப் பிடி’ன்னு கத்தும்போது பெரியவங்க இரும்பை நெனச்சு கணுக்காலை மடிச்சு அமுக்கறாங்க. கணுக்கால் மட்டும் மடிஞ்சா வலிதான் வரும், வளைவு வராது. கணுக்கால், இடுப்பு, தோள் எல்லாம் ஒரே கோட்டுல வட்டத்துக்குள்ள சாயணும். தமிழ்ல நமக்கு ரெண்டையும் பிரிக்க வாய்ப்பு இருக்கு, இரும்புக்கு விளிம்பு, ஓட்டத்துக்கு ‘சாய்தடம்’. சாயறதும் வருது, தடமும் வருது. உட்சாய்தடம், வெளிச்சாய்தடம்.

நீளமா இருக்குன்னு சொல்லுவீங்க. நோட்டுல எழுதறதுக்குச் சுருக்கம் போதும். கோச்சுங்க எல்எஃப்ஓ, ஆர்பிஓன்னு எழுதித் தர்றதை நான் என் நோட்டுல இமுவெ, வபிவென்னு எழுதிக்கறேன், இடது முன் வெளி, வலது பின் வெளி. மேல சொன்ன துண்டு இமுவெ, இபிஉ, வபிவென்னு ஒரே வரில அடங்கிடும், எட்டு வகைக்கும் இது சரியா வருது, ஒண்ணோட ஒண்ணு மோதல. பாட்டு வரிக்குக் கீழ இதை எழுதி, பக்கத்துல ரிங்க்கை ஒரு நீள்சதுரமா வரைஞ்சு கோட்டைப் போட்டுட்டா, எந்த வரிக்கு எந்த மூலைல இருக்கணும்னு தெளிவாயிடுது. எங்க ஊர் ரிங்க் ஹாக்கி அளவு, 61க்கு 26 மீட்டர், ஒலிம்பிக் அளவு 60க்கு 30. அந்த 4 மீட்டர் அகல வித்தியாசத்துல ஒரு வளைவைச் சுருக்க வேண்டி வரும், இதெல்லாம் நடன அமைப்புன்னு நெனச்சா யோசிக்கவே தோணாது.

திருப்பங்களுக்குப் போவோம். ‘த்ரீ டர்ன்’க்கு முத்திருப்பம்னு வெக்க வேண்டாம்ங்க, மூணு தடவை திரும்பணும்னு நெனச்சுக்குவாங்க. தடம் 3ங்கற எண் மாதிரி விழறதாலதான் அந்தப் பேர், கூர்முனை வட்டத்துக்குள்ள பாத்து இருக்கும். ‘பிராக்கெட்’ல அதே முனை வட்டத்துக்கு வெளிய பாக்கும். அப்ப உள்முனைத் திருப்பம், வெளிமுனைத் திருப்பம்னு வெச்சா, பேரைக் கேட்டதுமே தோள் எந்தப் பக்கம் சுத்தணும்னு உடம்புக்குத் தெரிஞ்சிடும். ‘மோஹாக்’, ‘சாக்டா’ ரெண்டும் அமெரிக்கப் பழங்குடி மக்களோட பேர், கனடாவோட ஸ்கேட்டிங் அமைப்பு இப்ப அதை விட்டுட்டு சி ஸ்டெப், எஸ் ஸ்டெப்னு மாத்திடுச்சு, ஒலிபெயர்த்து வெச்சிருந்தா நாமளும் பழையதைத் தூக்கிப் போட வேண்டி வந்திருக்கும். ரெண்டுலயும் கால் மாறும், சி ஒரே வளைவுல போகும், எஸ் வளைவு மாறி எதிர்ப்பக்கம் போகும். ஒருவளை மாற்று, இருவளை மாற்று போதும். ஆக்சல், சால்கோவ், லுட்ஸ்னு தாவல்களுக்கு இருக்கறதெல்லாம் ஆள் பேரு, ஆக்சல் பால்சன் 1882ல வியன்னாவுல தாண்டிக் காட்டினது, அதையெல்லாம் அப்படியே விட்டுடலாம்.

> இது குழந்தைங்க விளையாட்டு, பெரியவங்க எத்தனை பேர் தமிழ்ல தேடப் போறாங்க?

இதை மட்டும் நான் ஒத்துக்கமாட்டேன். அமெரிக்காவுல பெரியவங்களுக்குன்னே தனி தேசியப் போட்டி 1995ல இருந்து நடக்குது, ஜெர்மனில ஓபர்ஸ்டோர்ஃப்ல 2005ல இருந்து சர்வதேசப் போட்டியே இருக்கு, அறுபது எழுபது வயசுக்காரங்க வந்து ஆடறாங்க. குழந்தைங்களுக்குச் சொல்லே வேண்டியதில்ல, பாத்தே செஞ்சிடுவாங்க, விழுந்தாலும் எழுந்து ஓடிடுவாங்க. பெரியவங்களுக்கு விழற பயம் இருக்கு, பயந்தா முட்டி விறைக்கும், விறைச்சா சாய முடியாது. அவங்க புரிஞ்சுக்கிட்டுதான் உடம்பை விடுவாங்க, அதனால சொல் சரியா இருக்கறது அவங்களுக்குத்தான் ரொம்ப அவசியம். அவங்களுக்கு இருக்கற பலமும் ஒண்ணு உண்டு, பாட்டைக் கேக்கத் தெரியும், ஒரு வளைவை அவசரப்படாம இசை முடியற வரைக்கும் பிடிச்சு வெக்கற பொறுமை இருக்கும். 2014-15 சீசன்ல இருந்து தனிநபர் போட்டிலயும் பாடல் வரியோட இசை வெச்சுக்க அனுமதி வந்தாச்சு, தமிழ்ப் பாட்டுக்குத் தடக்கோவை போடறதுக்கு விதில இருந்த தடையும் போயிடுச்சு.

அப்புறம் போட்டில வர்ற ‘கோரியோகிராபிக் சீக்வென்ஸ்’க்குத் தடத்தொடர், ‘ஸ்டெப் சீக்வென்ஸ்’க்கு அடித்தொடர்னு பிரிச்சு வெக்கலாம், முதல்ல சொன்னதுக்கு லெவல் (கடின நிலை) கிடையாது, ரெண்டாவதுக்கு உண்டு, அதனால ரெண்டும் ஒரே பேர்ல வரக்கூடாது.

எனக்கு இன்னும் பிடிபடாதது ‘ட்விசில்’. ஒரே கால்ல சுத்திக்கிட்டே ஐஸ்ல நகர்ந்து போறது, நின்ன எடத்துல சுத்தினா அது ஸ்பின் ஆயிடும், அதுக்குச் சுழல்னு ஏற்கனவே ஒத்துக்கிட்டோம். ஓடுசுழல்னு யோசிச்சேன், ஆனா சுழல்னு வந்தாலே நிக்கற சுழலோட ஒரு வகைன்னு ஆயிடுது, இது திருப்பத்தோட வகை. திருப்பம்ங்கற பக்கத்துல இருந்து யாராவது ஒரு சொல் குடுத்தா பட்டியலை முழுசா போட்டு வாக்கெடுப்புக்கு விட்டுடலாம்.