லிக்கோ மலைக் காட்டில் மண் குழி தோண்டியது எதற்கு?

கேள்வி: மொசாம்பிக்கின் லிக்கோ மலை உச்சியில் ஒரு காடு இருப்பதைச் சூழலியலாளர் ஜூலியன் பேலிஸ் 2012-ல் கூகுள் எர்த்தில் பார்த்தார். 2018-ல் ஆய்வுக்குழு 125 மீட்டர் செங்குத்துப் பாறையைக் கயிறு போட்டு ஏறியது. பூச்சி, செடி சேகரித்தது புரிகிறது. 2 மீட்டர் ஆழத்துக்கு மண் தோண்டியது ஏன்? மரங்களை அளந்தால் போதாதா?

பதில் 1: மரத்தை ஒருமுறை அளந்தால் இன்றைய கரிம இருப்பு (காடு சேர்த்து வைத்திருக்கும் கார்பனின் அளவு) மட்டும்தான் தெரியும். பழைய காலநிலைக்கு மண்தான் சாட்சி. மரங்களின் கரிமம்-13 மதிப்பு (கனமான கரிம வகையின் பங்கு ஒரு பொது அளவுகோலிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்பது, குறி ‰) சுமார் -27‰. வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவற்றுக்கு -13‰ பக்கம். அடி மண்ணில் மதிப்பு புல் பக்கம் நன்றாகச் சாய்ந்தால், ஒரு காலத்தில் அங்கே புல்வெளி இருந்திருக்கிறது, அதாவது காலநிலை வறண்டிருக்கலாம். நீலகிரியின் பீட் மண்ணில் (சதுப்பில் மக்காமல் சேர்ந்த தாவர மண்) சூழலியலாளர் ஆர். சுகுமாரின் குழு பழைய பருவமழை மாற்றங்களைப் படித்து 1993-ல் வெளியிட்டதும் இதே அடிப்படையில்தான்.

ஒரு எச்சரிக்கை: எப்போதும் காடாகவே இருந்த மண்ணிலும், மக்கி மக்கி, ஆழத்தில் 2 முதல் 3‰ ஏறும். அதைப் பார்த்து ‘வறட்சி’ என்று எழுதிவிடாதீர்கள்.

மாதிரியை அடியிலிருந்து மேலாக எடுக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் உதிரும் புது மண் கீழ் அடுக்கில் கலந்து, கதிரியக்கக் கரிம வயது (கரிமம்-14 எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக் கணிக்கும் வயது) குறைவாக வரும். கரித்துண்டை அலுமினியத் தாளில் பொதியுங்கள். பஞ்சிலோ காகிதத்திலோ வேண்டாம், இரண்டிலும் இன்றைய கரிமம் இருக்கிறது.

பதில் 2: கரிம இருப்புக்கும் அதே குழி உதவும். 100 கன செ.மீ. உலோக வளையத்தைக் குழிச் சுவரில் செருகி எடுத்து, 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி நிறுங்கள். 10 செ.மீ. அடுக்கில் கரிமம் 2%, அடர்த்தி கன செ.மீ.க்கு 1.0 கிராம் என்றால் ஹெக்டேருக்கு 20 டன். ஈர மண்ணில் வளையத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் மண் நசுங்கும், அடர்த்தி 1.2 என்று வந்தால் இல்லாத 4 டன் கணக்கில் ஏறிவிடும். கற்களின் கன அளவைக் கழிக்க மறப்பது இன்னொரு வழக்கமான கோளாறு.

மர அளவு வீண் என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பப் போய் அளந்தால்தான் பயன். 1 ஹெக்டேரில் 10 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள எல்லா மரத்தையும் 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். பலகை வேர் (அடிமரத்திலிருந்து பலகைபோல் விரியும் வேர்) இருந்தால் அது முடியும் இடத்துக்கு 50 செ.மீ. மேலே. அளந்த இடத்தில் பெயின்ட் கோடு கட்டாயம். ஆண்டுக்குச் சில மி.மீ. வளர்ச்சிதான், நாடா சற்று இறங்கினாலோ, பாசியோ கொடியோ அடியில் சிக்கினாலோ அந்த வளர்ச்சி பொய்.

பதில் 3: லிக்கோ ‘மனிதக் கைபடாத காடு’ என்பதை நம்பித்தான் இத்தனை கணக்கும். மனிதத் தலையீடு இல்லையென்றால், மாற்றத்துக்குக் காலநிலையே காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் லிக்கோவின் ஓடைத் தலைப்பில் பழைய மண்பானைகள் கிடைத்தன! ஆகவே குழியில் வரும் கரி மின்னல் தீயா, ஆள் மூட்டிய தீயா என்று கரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அப்போது என்ன செடிகள் இருந்தன என்று பார்க்க, அதே அடுக்கிலிருந்து மகரந்தத்துக்கும் தனியாக மண் எடுத்து வைக்க வேண்டும்.