வேலையை உருவாக்குவது யார்: முதலாளியா, வாங்குபவரா, தொழிலாளியா?

அம்பத்தூர் கணக்கர் கேட்கிறார்:

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். சென்ற ஆயுத பூஜையன்று எங்கள் முதலாளி, "பதினெட்டுக் குடும்பங்களுக்கு நான் வேலை கொடுத்திருக்கிறேன்" என்று பெருமையோடு சொன்னார். அவர் நல்ல மனிதர். சம்பளத்தை ஒரு மாதமும் தள்ளிப்போட்டதில்லை. ஆயினும் சம்பளப் பதிவேட்டையும் ஆர்டர் புத்தகத்தையும் அருகருகே விரித்துப் பார்த்தால், ஆள் சேர்த்த ஒவ்வொரு மாதத்துக்கும் முன்பாக ஆர்டர் கூடியிருக்கிறது. 2020 ஏப்ரலில் ஆர்டர் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அப்போது ஊருக்குப் போன நால்வரை அவர் திரும்ப அழைக்கவில்லை. அப்படியானால் இந்த வேலைகளை உருவாக்கியவர் அவர்தானா?

கிண்டிப் பட்டறைக்காரர்:

ஐயா, ஆர்டர் புத்தகத்தில் ஏறாத கணக்கும் ஒன்று உண்டு. ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையில் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து, கணினி வழி இயங்கும் சி.என்.சி. கடைசல் இயந்திரம் வாங்கினேன். முதல் ஏழு மாதங்கள் அது பாதி நேரம் சும்மா நின்றது; கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. என்னிடம் சரக்கு எடுக்கும் பெரிய நிறுவனமோ மூன்று மாதம் கழித்துத்தான் தருகிறது. அந்த இடைவெளியில் சம்பளம் என் கையிலிருந்துதான் போகிறது.

மறைமலைநகர் வாசகர்:

கிண்டி நண்பர் சொல்லும் சுமை உண்மையானது. ஆனால் சுமப்பவர் இருந்தால் மட்டும் வேலை நிலைத்துவிடுவதில்லை. எங்கள் ஊர் ஃபோர்டு ஆலையில் முதலீடு இருந்தது, இயந்திரங்கள் இருந்தன, கைதேர்ந்த தொழிலாளர்களும் இருந்தார்கள். வண்டிகள்தாம் போதிய அளவில் விற்கவில்லை. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று சொல்லி, 2021 செப்டம்பரில் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். ஷிப்டு முடிகிற நேரத்தில் அறுபது டீ போட்ட கடைக்காரர் பிறகு பத்து டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். அவருடைய வேலையை உருவாக்கியது அந்தத் தொழிலாளர்களின் சட்டைப்பை.

இதற்கு மாறான சான்றும் நம் பக்கத்திலேயே உண்டு. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது மக்கள் கைபேசி வாங்குவதை நிறுத்திவிடவில்லை. அதன் பின்னால் வரித் தகராறும் நிறுவனத்தின் கைபேசிப் பிரிவு கைமாறியதும் இருந்தன. வாங்குபவர் இருந்தும் வேலை இன்னொரு வாசலுக்குப் போய்விடலாம் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தியாகராய நகர் விற்பனையாளர்:

ஆண்டு ஊதியத்தில் குறைந்தது 8.33 விழுக்காடு என்று சட்டம் வகுத்த போனஸ் ஆலைத் தொழிலாளர் கைக்கு வரும் நாட்களில்தான் ரங்கநாதன் தெருக் கடைகள் தற்காலிக ஆட்களைத் தேடுகின்றன. நானே அப்படி ஒரு தீபாவளிக்குச் சேர்ந்து, பிறகு நிரந்தரமானவள். ஆலையில் ஊதியம் உயர்ந்தால் வேலை குறையும் என்று சொல்பவர்கள், அந்த ஊதியம் அடுத்த வாரம் எந்தக் கல்லாவில் விழுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அம்பத்தூர் கணக்கர்:

கிண்டி நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும். இயந்திரம் சும்மா நின்ற ஏழு மாதங்களில் அதை இயக்குபவரை நிறுத்தினீர்களா?

கிண்டிப் பட்டறைக்காரர்:

இல்லை. பழகிய கையை விட்டுவிட்டால் ஆர்டர் வரும் நாளில் திரும்பக் கிடைக்காது. முதலில் வந்த சிறிய ஆர்டரில் ஒரு உருப்படிகூடக் கழிவாகாமல் அவர் கடைந்து கொடுத்ததால்தான், அதே நிறுவனம் இரண்டாவது ஷிப்டு போடுகிற அளவுக்கு அடுத்த ஆர்டரை எனக்குத் தந்தது. அந்த ஷிப்டுக்குச் சேர்த்த மூவரையும் நான் சேர்த்ததாகவே இதுவரை சொல்லி வந்திருக்கிறேன்.