எந்தத் திகதியைப் போடுறது?

குழு: கொக்குவில் வீடு

சின்னவன் (ரொறன்ரோ): எல்லாருக்கும் வணக்கம். கம்பஸில எங்கட இலங்கைச் சண்டையைப் பற்றிப் பத்து நிமிசம் கதைக்க வேணும். முதல் சிலைட்டில '1983–2009' எண்டு போட்டனான். ஏன் 1983 எண்டு கேட்டுப் புரொபெசர் திருப்பி அனுப்பிப்போட்டார். சண்டை எப்ப தொடங்கினது எண்டு ஆராவது ஒரு திகதி சொல்லுங்கோ.

பெரியப்பா: 1956 ஜூன் 5

பெரியப்பா: (குரல் பதிவு 6:48)

அக்கா: அப்பா, ஆறே முக்கால் நிமிசமோ! அவன் வகுப்பில இருப்பான். எழுதுங்கோ.

பெரியப்பா: கண்ணாடி எடுத்துக்கொண்டு வாறன்.

பெரியப்பா: சிங்களம் மட்டும் சட்டத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்த அண்டைக்கு, தமிழரசுக் கட்சி செல்வநாயகத்தின்ர ஆக்கள் காலிமுகத்திடலில சத்தியாக்கிரகம் இருந்தவை. பொலிஸ் பாத்துக்கொண்டு நிக்க அடி விழுந்தது. அடுத்த வருசம் ஜூலை 26 அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே பிரதமர் பண்டாரநாயக்கா செல்வநாயகத்தோட ஒப்பந்தம் எழுதினார். பிரதேச சபை, வடக்குக் கிழக்கில தமிழில நிர்வாகம், குடியேற்றத்தில சபைக்கு அதிகாரம். தனிநாடு எண்ட கதையே அதில இல்லை.

பெரியப்பா: எதிர்க்கட்சியில இருந்த ஜே.ஆர். ஜயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் வெளிக்கிட்டார். இம்புல்கொடையில மறிச்சுத் திருப்பிவிட்டவை. 58 ஏப்ரலில பிக்குமார் பண்டாவின்ர வீட்டு வாசலில குந்தினவை. அண்டைக்கே ஒப்பந்தம் போச்சு. மே மாதம் கலவரம். 59 இல பண்டாவைச் சுட்டதும் ஒரு பிக்குதான்.

பெரியப்பா: 65 இல பிரதமர் டட்லி சேனநாயக்கா அதையே கொஞ்சம் குறைச்சு எழுதினார். அப்ப எதிர்த்தது பண்டாவின்ர கட்சி. ஆளும் கட்சி எழுதும், எதிர்க்கட்சி கிழிக்கும். கதிரை மாறினால் வேலையும் மாறும். இதை ஒரு சிலைட்டில போடு.

சித்தப்பா: பெரியண்ணை, உது அரசியல். பெடியன் சண்டையைக் கேக்கிறான். 83 ஜூலை 23 இரவு, சனிக்கிழமை. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில புலிகள் வைச்ச கண்ணிவெடி வெடிச்ச சத்தம் எங்கட முத்தம் வரைக்கும் கேட்டது. 13 ஆமி செத்தது. விடிய ஆமி இறங்கி அந்தப் பக்கம் கண்டவையைச் சுட்டது. அதுக்குப் பிறகுதான் கொழும்பு எரிஞ்சது.

பெரியப்பா: கொழும்பு தானா எரியேல்லை. வாக்காளர் இடாப்பைக் கையில வைச்சுக்கொண்டு வீடு பாத்துப் பாத்து வந்தவங்கள். வெலிக்கடைச் சிறைக்குள்ள ரெண்டு நாளில 53 தமிழ்க் கைதியளைக் கொண்டது.

சின்னவன்: அப்ப 83 சரிதானே பெரியப்பா?

பெரியப்பா: அவசரப்படாதை. 76 மே 14 தனிநாடு வேணும் எண்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். அடுத்த வருசம் தனிநாடு எண்டு கேட்டுத் தேர்தலில நிண்டு தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனம் எடுத்தது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். துவக்கு வைச்சிருந்த பெடியளை அந்த நேரம் விரல்விட்டு எண்ணலாம். 81 இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது, 97 ஆயிரம் புத்தகம். 83 ஓகஸ்டில ஆறாம் திருத்தம்: தனிநாடு கேக்க மாட்டன் எண்டு சத்தியம் செய், இல்லையெண்டால் ஆசனம் இல்லை. கூட்டணி வெளியில வந்திட்டுது. பிறகு கொழும்பில எங்களுக்காகக் கதைக்க ஆர் இருந்தது? ஆயிரக்கணக்கில ஆயுத இயக்கங்களுக்குப் போனது அதுக்குப் பிறகுதான்.

அக்கா: அந்த அமிர்தலிங்கத்தை 89 இல சுட்டது ஆமி இல்லை, புலிகள் எண்டதையும் எழுது தம்பி. 86 இல ரெலோ எண்ட மற்ற இயக்கத்துப் பெடியளைச் சந்தியில வைச்சுச் சுட்டதும் ஆமி இல்லை.

சித்தப்பா: அவன் கேட்டது திகதி.

அக்கா: நானும் திகதிதான் சொல்லுறன்.

மாமி (மட்டக்களப்பு): இப்பதான் போனைப் பாத்தனான். 130 மெசேஜ் எண்டு பயந்து போனன், ஆரும் மோசம் போட்டினமோ எண்டு.

மாமி (மட்டக்களப்பு): ராசா, உங்கட கணக்கு எல்லாம் யாழ்ப்பாணக் கணக்கு. எங்களுக்கு இங்க 90. மார்ச்சில இந்தியன் ஆமி கப்பலேறிப் போச்சு. ஜூனில இயக்கம், அதுதான் புலிகள், பொலிஸ் நிலையங்களைச் சுத்தி வளைச்சு, சரணடைஞ்ச பொலிஸ்காரரைக் கொண்டது, அறுநூறு மட்டில. ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசலில தொழுதுகொண்டு நிண்ட சனத்தைச் சுட்டது. செப்ரெம்பர் 9 சத்துருக்கொண்டானில ஆமி எங்கட சனத்தை வெட்டினது. ஒரு ஊர் மற்ற ஊருக்குப் போகேலாமல் போனது அந்த மூண்டு மாதத்திலதான்.

மாமி (மட்டக்களப்பு): அதே வருசம் ஒக்ரோபரில யாழ்ப்பாணம் சோனகதெருவில நடந்ததைப் பெரியண்ணை சொல்லட்டும். அவர்தான் அங்க நிண்டவர்.

பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சின்னவன்: என்ன நடந்தது?

அக்கா: இயக்கம் முஸ்லிம் சனத்தை வடக்கை விட்டுப் போகச் சொன்னது. யாழ்ப்பாணத்தில ரெண்டு மணித்தியாலம் குடுத்தது. மன்னார், முல்லைத்தீவு, எல்லாம் சேத்து எழுபதாயிரத்துக்கு மேல. அப்பாட்டைக் கேட்டால் எழும்பிப் போயிடுவார்.

சித்தப்பா: நான் ஆனையிறவைச் சொல்லுறன், எழுதிக்கொள். உந்தச் சண்டையை விளங்க அந்த ஒரு இடம் காணும். குடாநாட்டுக்கு முக்கியமான தரைவழி. உப்புவெளி, ஒதுங்க ஒரு மரம் இல்லை. 91 ஜூலையில இயக்கம் புல்டோசருக்குத் தகடு அடிச்சுக் கொண்டுபோய் முகாமை இடிக்கப் பாத்தது. ஆமி வெத்திலைக்கேணியில கடலால இறங்கிக் காப்பாத்திச்சு. இயக்கத்துக்கு ஐநூறுக்கு மேல சாவு.

சித்தப்பா: பாதை பூட்டினபடியால் என்ர லொறி வீட்டில நிண்டது. சனம் முதல் கேரதீவால போனது. பூநகரியில முகாம் வர அதுவும் நிண்டுது. பிறகு கிளாலி. இரவில வள்ளம், வெளிச்சம் இல்லை, நேவி எப்ப வருவான் எண்டு தெரியாது. கன சனம் அந்தத் தண்ணிக்குள்ள போச்சுது. போறதுக்கு இயக்கத்திட்டைப் பாஸும் எடுக்க வேணும்.

மாமி (மட்டக்களப்பு): அப்ப மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவுக்காரம் கூடத் தடை. ஜாம் போத்தலுக்குள்ள திரி விட்டுப் படிச்சுத்தான் இவன்ர அப்பா கம்பஸ் போனவர். சைக்கிள் டைனமோவைச் சுத்திப் பிபிசி கேட்டது.

சித்தப்பா: 2000 ஆம் ஆண்டு அதே ஆனையிறவு. இயக்கம் இந்த முறை நேர போய் இடிக்கேல்லை. மார்ச் 26 குடாரப்பில தரையிறங்கிக் கண்டிவீதியைக் குறுக்கால மறிச்சது. பிறகு இயக்கச்சியில கைவைச்சது. முகாமுக்கு நல்ல தண்ணி அங்கயிருந்துதான் போனது. ஏப்ரல் 22 ஆமி விட்டிட்டு ஓடினது. உப்புக்கு நடுவில ஆயிரக்கணக்கில ஆக்களை வைச்சிட்டுக் கிணத்தை மறந்தால் என்ன செய்யிறது?

அக்கா: சித்தப்பா அண்டைக்கும் உப்பிடித்தான் சொல்லிச் சிரிச்சவர்.

சித்தப்பா: அப்ப சிரிச்சம்தான். 97 இல இருந்து ஆமி ஜயசிக்குறு எண்டு ஒரு நடவடிக்கை தொடங்கி ஒண்டரை வருசமா வவுனியாவில இருந்து முறிகண்டிப் பக்கம் வரப் பாத்தவங்கள். பிடிச்ச இடத்தை 99 நவம்பரில சில நாளில விட்டிட்டுப் போனவங்கள். இனி எங்களை அசைக்கேலாது எண்டு நினைச்சம். 2009 ஜனவரி 2 கிளிநொச்சி போச்சு, 9 ஆம் திகதி ஆனையிறவு போச்சு.

சின்னவன்: இடையில 95 இருக்கே. 'யாழ்ப்பாணம் மீட்கப்பட்டது' எண்டு ஒரு கட்டுரையில கிடக்கு. அப்பிடியே போடவோ?

அக்கா: போடாதை!

மாமி (மட்டக்களப்பு): ஆர் ஆரிட்டை இருந்து மீட்டது?

பெரியப்பா: இடப்பெயர்வு எண்டு போடு. ஒக்ரோபர் 30. பின்னேரம் இயக்கம் ஒலிபெருக்கியில சொன்னது, ஆமி வருகுது, எல்லாரும் வெளிக்கிடச் சொல்லி. மழை. நாலு லட்சத்துக்கு மேல சனம் ஒரே றோட்டில, செம்மணியால, நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்கு. அப்பம்மாவைச் சைக்கிள் கரியரில வைச்சு உருட்டினனான். ஒரு அடி வைக்கப் பத்து நிமிசம் நிக்க வேணும். ஆமி டிசம்பர் 5 கொடி ஏத்தினபோது ஊரில ஆக்கள் இல்லை. வெறும் ஊரைப் பிடிச்சிட்டு, பிரதி பாதுகாப்பு அமைச்சர் ரத்வத்த ஓலைச்சுருள் கொண்டுபோய் ஜனாதிபதி சந்திரிகாவிட்டைக் குடுத்தார், ராசாக் காலம் மாதிரி. அடுத்த வருசம் சித்திரைக்குப் பிறகு நாங்களே திரும்பி வந்து ஆமிக்குள்ள இருந்தம்.

சின்னவன்: 2002 சமாதானம்?

சித்தப்பா: பெப்ரவரி 22 அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில ஏ9 திறந்தது. நான் திரும்ப லொறி ஓடினன். ஓமந்தையில ஒரு வரி, முகமாலையில ஒரு சோதனை. ஆறு சுற்றுப் பேசினவை. 2004 மார்ச்சில இயக்கத்தின்ர கிழக்குத் தளபதி கருணா பிரிஞ்சார். அதோட கிழக்கு கையை விட்டுப் போச்சு.

அக்கா: 2005 ஐ விட்டிட்டியள். ஜனாதிபதித் தேர்தலில வோட்டுப் போட வேண்டாம் எண்டு இயக்கம் சொன்னது. யாழ்ப்பாணத்தில போட்டது ஒரு வீதம் மட்டில. மகிந்த வெண்டது ஒரு லட்சத்து எண்பதாயிரம் வோட்டால.

சித்தப்பா: ரணில் வந்திருந்தாலும் சண்டை வந்திருக்கும்.

அக்கா: வந்திருக்கலாம். எங்கட வோட்டு எங்கட கையில இருந்திருக்கும்.

சின்னவன்: முடிஞ்ச திகதி மே 18 ஆ 19 ஆ? ரெண்டும் கிடக்கு.

சித்தப்பா: எனக்கு ரெண்டும் இல்லை. ஜனவரியில இருந்து பாதுகாப்பு வலயம் எண்டு சொன்ன இடத்துக்கெல்லாம் போனம். அங்கயும் செல் வந்தது. வெளிக்கிடப் பாத்த சனத்தை இயக்கமும் சுட்டது. உள்ளுக்கு எழுபதாயிரம் பேர் எண்டு கணக்குக் காட்டித்தான் அரசாங்கம் சாப்பாடு அனுப்பினது. பிறகு முகாமுக்கு வந்தது மூண்டு லட்சத்துக்குக் கிட்ட. நாற்பதாயிரம் வரை செத்திருக்கலாம் எண்டு ஐநா நிபுணர் குழு 2011 இல எழுதினது. முள்ளுக்கம்பிக்கு வெளியில போய்வர விட்டது டிசம்பர் மாதம். எனக்குச் சண்டை முடிஞ்சது அண்டைக்கு.

மாமி (மட்டக்களப்பு): போதும், தம்பி. படு.

சின்னவன்: சரி. முதல் சிலைட்டில 1956, 1983, 1990 மூண்டையும் போட்டு, ஒவ்வொண்டும் ஆர் சொன்னது எண்டு கீழ போடுறன். 90 க்கு மாமி சொன்னதை எடுக்கிறன்.

பெரியப்பா: நில்.

பெரியப்பா: பின்னேரம் நீக்கினது இதுதான். அண்டைக்கு நான் ஐந்துசந்தியில சைக்கிளோட நிண்டனான். எங்கட தையல்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லொறிக்கு நடந்து போனவர். என்னைப் பாத்தவர். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டை வந்திட்டன். அம்மாவுக்கும் சொல்லேல்லை.

சின்னவன்: இதைப் போடவோ பெரியப்பா?

பெரியப்பா: போடு. என்ர பேரையும் போடு.