டிவியோடு இணைக்கும் பெட்டியின் மென்பொருளை நம் இஷ்டத்துக்கு மாற்றுவது சுலபமாகிவிட்டதா?

பொட்டிக்கடை:
சாதாரண ஆளுக்கும் சுலபம்தான், சந்தேகமே வேண்டாம். 2002-இல் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டியில் வீடியோ பிளேயர் ஓட்ட நினைத்தவர்கள், அதன் பூட்டை ஏமாற்றும் மோட்சிப் வாங்கி சால்டரிங் செய்தார்கள். அந்தப் பிளேயரின் வாரிசுக்குத்தான் 2014-இல் ‘கோடி’ என்று பேர் வைத்தார்கள். இப்போது ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, ஒரு 16 ஜிபி மெமரி கார்டு, 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் போதும். இமேஜர் மென்பொருளில் கோடியை ஓட்டுவதற்கென்றே இருக்கும் லிப்ரெலெக் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்து கார்டில் எழுதினால் வேலை முடிந்தது. மொபைல் சார்ஜரை மாட்டி மிச்சம் பிடிக்காதீர்கள். மின்சாரம் பத்தாமல் திரை மூலையில் மின்னல் குறி வரும், படம் திக்கும்.

மீட்டர்கம்பி:
உதாரணமே தப்பு. பை-யில் பூட்டே கிடையாது, பிறகு எதைத் திறந்தீர்கள்? கடையில் வாங்கின பெட்டியை எடுத்துப் பேசுங்கள்.

பொட்டிக்கடை:
சரி, கூகுள் டிவி. முகப்பு முழுக்க விளம்பரம். அமைப்புகளில் சாதனத் தகவலுக்குப் போய் பில்ட் எண்ணை ஏழு தடவை அழுத்தினால் டெவலப்பர் மெனு வரும். வயர்லெஸ் டிபக்கிங்கை ஆன் செய்து, 6 இலக்க எண்ணைக் கணினியில் அடித்து ஏடிபி-யை (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) இணைக்கவும். பழைய குறிப்புகளில் இருக்கும் 5555 போர்ட் இதில் செல்லாது. டிவி காட்டும் போர்ட்டைத்தான் போடணும், அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் வேறொரு லாஞ்சரை, அதாவது முகப்புத் திரைச் செயலியை நிறுவுங்கள். அதன் பிறகே ‘பிஎம் டிசேபிள்-யூசர்’ கட்டளையால் கூகுளின் லாஞ்சர்எக்ஸை முடக்குங்கள். கூடவே செட்டப்ரெய்த் என்ற பேக்கேஜையும் முடக்கணும், இல்லாவிட்டால் ஹோம் பட்டனை அது பிடித்துக்கொள்ளும்.

மீட்டர்கம்பி:
வரிசை மாறினால் கறுப்புத் திரைதான். டிபக்கிங் ஆனில் இருக்கும்வரை ‘பிஎம் இனேபிள்’ போட்டு மீட்கலாம். அணைத்துவிட்டால் ஃபேக்டரி ரீசெட்தான் வழி. ‘சாதாரண ஆள்’ என்று யாரைச் சொல்கிறீர்கள்?

இந்த விளம்பர நீக்கத்தை நான் மாற்றியமைப்பு என்றே எண்ணுவதில்லை, அது திரைச்சீலை மாற்றுவது மாதிரி. ஆம்லாஜிக் சிப் உள்ள ஆண்ட்ராய்டு பெட்டியில் கோர்எலெக் (லிப்ரெலெக் மாதிரியே கோடிக்கான இயங்குதளம்) போட்டுப் பாருங்கள். கார்டில் எழுதிய பிறகு வன்பொருள் விவரம் அடங்கிய ‘டிவைஸ் ட்ரீ’ கோப்புறையிலிருந்து உங்கள் சிப்புக்கும் ரேமுக்கும் பொருந்துகிற கோப்பை வெளியே எடுத்து ‘டிடிபி.ஐஎம்ஜி’ என்று பேர் மாற்றணும். பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி 2 ஜிபி-க்கான கோப்பைப் போடுகிறார்கள். உள்ளே இருப்பது 1 ஜிபி, லோகோவோடு நின்றுவிடும். இன்னொன்று, எஸ்905எக்ஸ் சிப் வேறு, எஸ்905எக்ஸ்3 சிப் வேறு. முதலாவது கோர்எலெக் 9.2 வரிசையோடு கைவிடப்பட்டது, புதிய பதிப்பை எழுதினால் பூட் ஆகாது.

நிலா82:
பெட்டியின் ஏவி (ஆடியோ-வீடியோ) துளைக்குள் பல்குச்சி விடச் சொல்கிறார்களே, எதற்கு?

மீட்டர்கம்பி:
பல பெட்டிகளில் ரீசெட் பட்டன் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். கார்டைச் செருகி, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பவர் கேபிளை மாட்டி, லோகோ வந்ததும் விடணும். மரக்குச்சி போதும், ஊசி வேண்டாம்.

பொட்டிக்கடை:
இதில் ஆபத்து எங்கே? கார்டை உருவினால் பழைய ஆண்ட்ராய்டே வந்துவிடும். உள் மெமரியில் எழுதும்போதுதான் பயம். கார்டிலேயே ஓடட்டும்.

நிலா82:
பெட்டி கிளம்பும்போது முதலில் ஓடும் பூட்லோடரின் பூட்டைத் திறந்துவிட்டால் எல்லாம் ஒரே அடியில் தீராதா?

பொட்டிக்கடை:
அதை மட்டும் செய்யாதீர்கள். பல பெட்டிகளில் வைட்வைன் என்ற வீடியோ நகல் தடுப்பு எல்1 தரத்திலிருந்து எல்3-க்கு இறங்கிவிடும், அப்புறம் நெட்ஃபிளிக்ஸ் 4கே டிவியிலும் மங்கலாகத்தான் வரும். லாஞ்சரை முடக்குவதில் அந்தத் தொல்லை இல்லை.

மீட்டர்கம்பி:
நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். ஆழமான வேலைக்கு விலை இருக்கிறது, மேலோட்டமான வேலைக்கும் கதவு சாத்தப்படுகிறது. 2025 செப்டம்பரில் அமேசான் அறிவித்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட்டில் ஆண்ட்ராய்டே இல்லை, அமேசானின் சொந்த வேகா ஓஎஸ். வெளி ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு) எதுவும் ஏறாது. கூகுளும் 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, சரிபார்க்கப்படாத டெவலப்பரின் செயலிகளுக்குத் தடை என்று அறிவித்தது.

பொட்டிக்கடை:
ஏடிபி வழியாக நிறுவுவதற்கு அந்தத் தடை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பாதியோடு நிறுத்தாதீர்கள்.

மீட்டர்கம்பி:
சொல்கிறேன். ஆனால் ஏடிபி என்றதுமே பத்தில் எட்டுப் பேர் ‘எல்லாம் திறந்தே வருது’ என்கிற பெயரில்லாப் பெட்டிக்கு ஓடுவார்கள். 2025 ஜூனில் எஃப்பிஐ எச்சரித்த பேட்பாக்ஸ் 2.0 என்ற தீம்பொருள் அந்த மாதிரிப் பெட்டிகளில்தான், சிலவற்றில் தொழிற்சாலையிலேயே ஏறி வந்தது.

நிலா82:
அப்படியென்றால் கையில் இருக்கும் எஸ்905எக்ஸ்3 பெட்டிக்கு எது முதலில்?

பொட்டிக்கடை:
மூடியைக் கழற்றி ரேம் சிப்பின் எண்ணைப் படியுங்கள். கார்டு அப்புறம்.