புதுப்பிப்பு: அக்கா பையனுக்கு மேனேஜ்மென்ட் கோட்டா சீட் வாங்கவில்லை

போன மாதம் கேட்டிருந்தேனே, பெருந்துறைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஏஜென்ட் ஒன்றரை லட்சம் டொனேஷன் கேட்கிறார், கொடுக்கலாமா என்று. கொடுக்கவில்லை.

நேரில் போய்ப் பாருங்கள் என்று நிறையப் பேர் சொன்னதால் நானும் மாப்பிள்ளையும் பைக்கில் போனோம். வாசலில் பெரிய பிளெக்ஸ், வேலை கிடைத்த பசங்க படமாம், உற்றுப் பார்த்தால் ஒரே பையன் மூன்று கம்பெனி லோகோவுக்குக் கீழே மூன்று தடவை சிரிக்கிறான். பணத்துக்கு ரசீது கேட்டேன். "ரசீதெல்லாம் வராதுங்ண்ணா, நம்ம டிரஸ்ட்டுக்குத்தானுங்களே" என்றார் ஏஜென்ட். தமிழ்நாட்டில் நன்கொடைக் கட்டண வசூலைத் தடுக்க 1992லேயே சட்டம் போட்டாயிற்று, அது அவருக்கும் தெரியும்.

அப்புறம் அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்வாரியாக வெளியிடும் கல்லூரித் தேர்ச்சி விகிதத்தை எடுத்துப் பார்த்தோம். அந்தக் கல்லூரி கீழே எங்கோ கிடந்தது.

கடைசியில் கவுன்சிலிங்கில் வேறொரு கல்லூரியில் எலக்ட்ரிக்கல் கிடைத்தது. அதுவும் சுயநிதிதான், ஆனால் அரசு நிர்ணயித்த கட்டணம், அதிலும் குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் சலுகையில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறைகிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்திருந்தால் இந்தச் சலுகை இல்லை, இதை ஏஜென்ட் வாயே திறக்கவில்லை பாருங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லையே என்று அக்காவுக்கு இன்னும் வருத்தம்தான். மாமா மட்டும் மஞ்சள் விற்ற காசு தப்பித்தது என்கிறார்.